கொல்லுப் பட்டறை ஏன் இருட்டாக இருந்தது?

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொல்லுப் பட்டறை நினைவிருக்கும். தாழ்ந்த கூரை, ஒரே வாசல், உள்ளே அரை இருட்டு. ஜன்னலுக்குக் காசில்லாமல் அல்ல. காய்ந்த இரும்பின் பதத்தை நிறம்தான் சொல்லும். சிவப்பா மஞ்சளா என்று வெயிலில் சரியாகத் தெரியாது.

உலைக்கு ஒரு பக்கம் துருத்தி, மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் பட்டடைக்கல், அருகே தண்ணீர்த் தொட்டி. இரும்பு ஆறுவதற்குள் அடிக்க வேண்டுமே! வாசலில் திறந்தவெளி. வண்டிச் சக்கரத்துக்கான இரும்புப் பட்டையை வறட்டி நெருப்பில் காய்ச்சி, விரிந்ததும் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவது அங்கேதான்.

கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்துப் பெருமைப்படுகிறோம். டிராக்டர் வந்தபின் கண்முன்னே சரியும் பட்டறைகளை யார் பார்க்கிறார்கள்? அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது ஒரு படமெடுத்து, நீள அகலம் குறித்து வாருங்கள். நம் இதழில் போடுவோம்.