கோவையில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்... சென்னையில் அவர் தடத்தில் ஒரு நாள் நடைபயணம்! எங்கே, என்ன பார்க்கலாம்?

சென்னை போனால் எங்கே போவோம்? மெரினா, தி.நகர், நேரம் இருந்தால் மாமல்லபுரம். ஆனால் நம்ம கோவையில் பிறந்த ஒருவர் தென்னிந்திய நவீன ஓவியத்தின் போக்கையே மாற்றிய இடங்களும் அதே சென்னையில்தான் இருக்கின்றன. பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம்.

யார் இந்த பணிக்கர்?

1911 மே 31-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். குடும்பத்தின் சொந்த ஊர் பொன்னானி பக்கம். அப்போது கோவையும் மலபாரும் ஒரே சென்னை மாகாணம்தான். சின்ன வயதிலேயே வரையத் தொடங்கியவர், குடும்பச் சூழலால் படிப்பை விட்டுவிட்டு தந்தித் துறையில் வேலைக்குப் போனார். ஓவியப் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது 25 ஆகிவிட்டது.

'படம் வரைந்து பிழைக்க முடியுமா?' வீட்டுப் பிள்ளை ஓவியம் படிக்கப் போகிறேன் என்றால் நம்ம வீடுகளில் இன்றைக்கும் கேட்கிற கேள்வி இது. பணிக்கரின் வாழ்க்கையில் பாதி, இதற்குப் பதில் தேடியதுதான். இந்த நடையின் கடைசி நிறுத்தத்தில் அந்தப் பதில் இருக்கிறது.

முதல் நிறுத்தம்: அரசு கவின் கலைக் கல்லூரி

கோவையில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்ட்ரல். வெளியே வந்து ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் மேற்கே நடங்கள். விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை எல்லாம் தாண்டினால் பெரியமேடு. அங்கேதான் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளில் ஒன்று.

பணிக்கர் 1936-ல் இங்கே மாணவராகச் சேர்ந்தார். பிறகு இங்கேயே ஆசிரியர், 1957-ல் முதல்வர். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியதும் சென்னையில்தான். இது வகுப்புகள் நடக்கும் கல்லூரி என்பதால் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

இரண்டாவது நிறுத்தம்: எழும்பூர் அருங்காட்சியகம்

அங்கிருந்து கூவத்தைத் தாண்டி, எழும்பூர் ரயில் நிலையம் வழியாகப் பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இது. ரவி வர்மாவின் ஓவியங்கள் இங்கே உள்ளன. பட்டுப் புடவையின் மடிப்பு, நகையின் மினுமினுப்பு என எல்லாம் நேரில் பார்ப்பது போலவே இருக்கும்.

பணிக்கரின் பிற்காலப் படங்களில் இப்படி எதுவும் இருக்காது. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்க முடியாத எழுத்து என்று நிறைந்திருக்கும். 'இதுல என்ன எழுதியிருக்கு?' என்று கேட்கத் தோன்றும். அது படிப்பதற்கான எழுத்து இல்லை, பார்ப்பதற்கான வடிவம். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நகல் எடுக்காமல், நம்ம ஊர் ஓலைச்சுவடியும் பஞ்சாங்கமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நவீன ஓவியம் தேடினார். ரவி வர்மாவைப் பார்த்த கையோடு இதை யோசித்தால், மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

மூன்றாவது நிறுத்தம்: மெரினா

எழும்பூரிலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ மெரினா. வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கரின் ஆசிரியர், அவருக்கு முன் அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1959-ல் நிறுவப்பட்ட சிலை இது. அப்படியே காமராஜர் சாலையில் தெற்கே நடந்தால் காந்தி சிலை. அதுவும் ராய் சௌத்ரி செய்ததே. வெயில் ஏறிவிட்டால் இந்த நடையை விட்டுவிட்டு வாகனத்தில் போய்விடுங்கள்.

கடைசி நிறுத்தம்: சோழமண்டலம்

இதை மட்டும் நடந்து போக முடியாது. கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூர், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம். உள்ளே போய்விட்டால் எல்லாம் நடைதான்.

முதல்வராக இருந்தபோது பணிக்கர் பார்த்தது இதைத்தான்: திறமையான மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதற்கு அவர் கண்ட வழி கைவினை. மாணவர்களும் ஓவியர்களும் சேர்ந்து பாத்திக் துணி செய்தார்கள். சாயப் பட்டறை தெரிந்த திருப்பூர், ஈரோடு வாசகர்களுக்கு இது எளிதில் புரியும். துணியில் மெழுகால் வரைந்துவிட்டுச் சாயத்தில் நனைத்தால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. அப்படி விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் ஓவியர்களுக்கென்றே ஒரு கிராமம் உருவானது. கைவினை சோறு போடும், ஓவியம் யாருக்கும் வளைய வேண்டாம் என்பதுதான் கணக்கு.

சுல்தான் அலி, ராமானுஜம், வாசுதேவ், சேனாதிபதி என்று பலர் இங்கே வாழ்ந்து வரைந்தார்கள். இன்று இங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் சிற்பத் தோட்டமும் இருக்கின்றன. மரத்தடியில் நிற்கும் கற்சிற்பங்களை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள்.

பணிக்கர் 1977-ல் காலமானார். அவர் தொடங்கிய கிராமம் அதற்குப் பிறகும் நிற்கிறது.

கிளம்பும் முன் கவனிக்க...

* எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.
* சோழமண்டலத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.
* பணிக்கரின் ஓவியங்களை மொத்தமாகப் பார்க்க ஆசையா? திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே தனிக் காட்சிக்கூடம் உள்ளது. கோவையிலிருந்து அதற்கும் ரயில் இருக்கிறது.

வரைகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. 'பிழைக்க முடியுமா?' என்ற கேள்விக்குப் பதிலை அவங்களே பார்த்துட்டு வரட்டும்.