காவியா கணவாயில் ஒரு ஜாக்கெட்

சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வர்ற கேள்வி: ஜாக்கெட் வாங்கணுமா, கையில்லாத வெஸ்ட் போதுமா? இதுக்குப் பதில் தேடி இன்னிக்கு இத்தாலிக்குப் போறோம். நாள், 1988 ஜூன் 5. ஜிரோ தி இத்தாலியா பந்தயத்தின் 14-வது கட்டம்.

அன்னிக்கு வீரர்கள் ஏற வேண்டிய இடத்தின் பேரு காவியா. நம்ம ஊர்ப் பொண்ணு பேர் மாதிரி இருக்கு, இல்லையா? ஆனா இது ஆல்ப்ஸ் மலையில் 2,600 மீட்டருக்கு மேல இருக்கிற ஒரு கணவாய். சாலையில் சில பகுதிகள் அப்போ வெறும் மண். கீழே மழை பெய்தது. மேலே போகப் போக அதுவே பனியா மாறிடுச்சு. பந்தயத்தை யாரும் நிறுத்தலை.

உச்சியை முதல்ல தொட்டவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே. உடம்பில் அரைக்கை ஜெர்சி. அங்கிருந்து போர்மியோ ஊர் வரைக்கும் சுமார் 25 கிலோமீட்டர் இறக்கம்தான். ஆனா இறங்கும்போது குளிர் தாங்காம நின்னு, ஒதுங்கிட்டார். கடைசியில் எல்லைக்கோட்டுக்கு வந்தப்போ, ஜெயிச்சவருக்கும் அவருக்கும் சுமார் 47 நிமிஷ வித்தியாசம்!

அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனோட அணி வேற மாதிரி யோசிச்சது. பனிச்சறுக்கு ஆடுறவங்க போடுற கதகதப்பான துணிகளைக் காலையிலேயே வாங்கி வெச்சிருந்தாங்க. தடிமனான கையுறை, கம்பளிக் குல்லா, மழை ஜாக்கெட். உச்சி நெருங்கும்போது இவையெல்லாம் அவர் கைக்கு வந்தது. அன்னிக்குக் கட்டத்தை ஜெயிச்சவர் எரிக் பிரூகிங்க். ஹாம்ப்ஸ்டன் வெறும் 7 வினாடி பின்னாடி. ஆனா ஒட்டுமொத்தப் பந்தயத்தில் முன்னிலைக்கு வந்துட்டார். ஒரு வாரம் கழிச்சு, ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார்.

மேல ஏறும்போது வராத ஆபத்து, இறங்கும்போது ஏன் வந்தது? ஏறும்போது வேகம் கம்மி, உழைப்பு அதிகம். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். இறங்கும்போது கால் சும்மா இருக்கு, அடுப்பு அணைஞ்சுடுது. அதே நேரம் எதிர்க்காத்து, நனைஞ்ச துணி வழியா இருக்கிற சூட்டையும் உறிஞ்சிடும்.

பழைய வீரர்களுக்கு இது நல்லாவே தெரியும். உச்சியில் நிக்கிற ரசிகர்கள்கிட்ட செய்தித்தாள் வாங்கி, ஜெர்சிக்குள்ள நெஞ்சுல சொருகிப்பாங்க. காகிதம் காத்தைத் தடுக்கும்; கீழே வந்ததும் தூக்கிப் போட்டுடலாம். கையில்லாத வெஸ்ட்டும் அதே வேலையைத்தான் செய்யுது: முன்பக்கம் காத்தைத் தடுக்கும், அக்குள் வழியா வியர்வைச் சூட்டை வெளியே விடும்.

மழையைத் தடுக்கிற துணிக்கு வேற பிரச்சினை. வெளித்தண்ணியை முழுசா மறிச்சா, வியர்வையும் உள்ளேயே மாட்டிக்கும். 1970-களில் வந்த கோர்-டெக்ஸ் இதுக்கு ஒரு வழி சொன்னது. நீராவி வெளியேறும், மழைத்துளி உள்ளே வராத அளவுக்கு நுண்துளைகள் உள்ள சவ்வு. ஆனாலும் ஏற்றத்தில் கொட்டுற வியர்வைக்கு அது எப்பவும் ஈடுகொடுக்காது.

அதனால 2010-களில் யோசனை மாறிச்சு. கஸ்டெல்லி நிறுவனத்தோட 'கப்பா', உடம்போட ஒட்டின அரைக்கைச் சட்டை. மழையை முழுசா தடுக்காது. நனைஞ்சாலும் குளிராம பாத்துக்கும். 2013-ல் பனி கொட்டின மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் இது பிரபலமாச்சு. வேற நிறுவனத்தோட ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள்கூட, லோகோவைக் கறுப்பு மையால் மறைச்சுட்டு இதைப் போட்டுக்கிட்டாங்க.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். மழை இல்லாத குளிர்க்காலையா? வெஸ்ட் போதும். மழையோட மலை இறக்கமா? ஜாக்கெட் வேணும். எதை வாங்கினாலும் மடிச்சா முதுகுப் பாக்கெட்ல அடங்குதான்னு பாருங்க. வீட்டுல விட்டுட்டு வந்த ஜாக்கெட் யாருக்கும் உதவாது. அப்புறம், நடுங்க ஆரம்பிச்ச பிறகு ஜிப்பைத் தேடாதீங்க. உச்சியிலேயே நின்னு போட்டுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!