வில்லியம் கேரியின் இல்லம்

ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில் அமைந்த செராம்பூர் தமிழருக்கு முற்றிலும் அயலான ஊரன்று. தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே டேனிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தவை. 1845இல் ஒருங்கே ஆங்கிலேயருக்கு விலை பேசப்பட்டவை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரைத் தமிழுலகம் நன்கறியும். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தி, செராம்பூரில் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் கேரியை வங்காளிகள் தம் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராக எண்ணிப் போற்றுகின்றனர். அவர் பதிப்பித்த நூல்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அந்நூல்கள் எழுதப்பட்ட இல்லத்திற்குள் நாம் சிறிது நேரம் செல்வோம்.

கேரி 1761இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நெசவாளராய் இருந்து பின்னர் ஆசிரியரானவரின் மகனாகப் பிறந்தார். காலணி தைக்கும் தொழிலைக் கற்றார். தைத்துக்கொண்டே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். உலகப்படம் ஒன்றைத் தாமே வரைந்து சுவரில் மாட்டி, ஒவ்வொரு நாட்டின் மேலும் அதன் மக்களைப் பற்றித் தாம் படித்தறிந்தவற்றைக் குறித்து வைத்தார். 1781இல், தமக்குப் பத்தொன்பது வயதான காலத்தில், தம்மினும் ஐந்தாறு ஆண்டு மூத்தவரான டோரதி பிளாக்கெட் என்பாரை மணந்தார். திருமணப் பதிவேட்டில் டோரதி அம்மையார் பெயரெழுதவில்லை. சிலுவைக் குறி மட்டுமே இட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. பிற்காலத்தில் பற்பல மொழிகளில் திருமறையை வெளியிட்டவரின் இல்லற வாழ்வு இவ்வாறு தொடங்கிற்று.

1792இல் பாப்டிஸ்ட் சமயத் தொண்டுச் சங்கம் தோன்றியதும், இந்தியாவுக்குச் செல்லக் கேரி முன்வந்தார். அம்மையார் மறுத்தார். அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? இரு பெண் மகவுகளைப் பறிகொடுத்தவர்; அப்போது நிறைமாதக் கருவுற்றிருந்தவர். கேரி மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு, முன்பே வங்காளத்தில் மருத்துவராய் இருந்து திரும்பிய ஜான் தாமஸ் என்பவருடன் கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமச் சீட்டு இல்லாமையால் கப்பல் தலைவன் அவர்களை வழியிலேயே இறக்கிவிட்டான். அந்தத் தடை டோரதி அம்மையாரின் வாழ்வையே மாற்றிவிட்டது. ஊர் திரும்பிய கேரி மீண்டும் அழைத்தார். பிள்ளை பெற்றுச் சின்னாள் ஆகியிருந்த அம்மையார் மீண்டும் மறுத்தார். இருவரும் புறப்பட்டுப் போன வழியில் தாமஸ் மட்டும் திரும்பி வந்து, இன்று வர மறுத்தால் குடும்பம் என்றென்றைக்கும் பிரிந்துவிடும், வாழ்நாளெல்லாம் வருந்துவாய் என அச்சுறுத்தினார். தங்கை உடன் வருவதானால் வருகிறேன் என்று அம்மையார் இசைந்தார். இசைவென்று இதனைச் சொல்வதே மிகையாகும். 1793 ஜூன் 13ஆம் நாள், கைக்குழந்தை உட்பட நான்கு ஆண்மக்களுடன் அவர்கள் டேனிஷ் கப்பல் ஒன்றில் புறப்பட்டனர்.

நவம்பரில் கல்கத்தா வந்தடைந்தனர். கையிலிருந்த பொருள் தாமஸின் கவனமின்மையால் விரைவில் கரைந்தது. அம்மையாரும் மூத்த மகனும் வயிற்றுக் கடுப்பால் படுத்த படுக்கையாயினர். நகரின் புறத்தே ஒரு வீடு, பின்னர் சுந்தரவனக் காட்டோரம் ஒரு குடியிருப்பு என இடம் மாறிக்கொண்டே இருந்தனர். 1794இல் மால்டாவுக்கு அப்பால் முட்னாபாட்டி என்னும் சிற்றூரில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்க்கும் வேலை கிடைத்தது. உணவுக்குக் கவலை நீங்கிற்று. ஆனால் நீர்ப்பாங்கான நிலம், காய்ச்சல் மலிந்த பகுதி. அவ்வாண்டு அக்டோபரில் மூன்றாம் மகன் பீட்டர் ஐந்து வயதில் காய்ச்சலுக்கு இரையானான். பெட்டி செய்யவும் குழி தோண்டவும் சுமக்கவும் ஆளில்லை. பிணத்தைத் தொட்டால் சாதிக் கட்டுப்பாடு குறுக்கிடும் என்று ஊரார் அஞ்சினர். இறுதியில் முஸ்லிம்கள் சிலர் குழி தோண்ட இசைந்தனர். காய்ச்சலில் மெலிந்து கிடந்த தந்தை இவற்றுக்கெல்லாம் தாமே ஆள் தேடி அலைய நேர்ந்தது.

டோரதி அம்மையாரின் உள்ளம் அதன்பின் நிலைகொள்ளவில்லை. கணவர் பிற மாதருடன் தொடர்புடையவர் என்ற பொய்யான எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து சென்று ஏசினார். கத்தியை ஓங்கியதும் உண்டு. பிற வேளைகளில் தெளிவாகவே பேசினார் என்பதால், அறியாதார் அவர் சொல்லை நம்பவும் கூடும். உள்ளத்து நோய்க்கு மருத்துவம் என ஒன்று அறியப்படாத காலம் அது. பல ஆண்டுகள் அவரைத் தனியறையில் காவலில் வைத்திருந்தனர். கேரி அவரை மருத்துவமனைக்கு அனுப்ப மறுத்து வீட்டிலேயே வைத்துப் பேணினார். அக்காலத்துப் பித்தர் விடுதிகளின் கொடுமையை எண்ணினால் அது கருணையே. ஆயினும், அடுத்த அறையில் கூக்குரல் எழுந்துகொண்டிருக்க, பண்டிதர்களுடன் அமர்ந்து மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்த அந்த மனிதரைப் போற்றுவதா, அவர் முன் திகைத்து நிற்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

முட்னாபாட்டியில் கழித்த ஆண்டுகளில் கேரி வேறொன்றும் கற்றார். அவர் வங்கமொழியில் பேசுவதைக் கற்றறிந்தோர் புரிந்துகொண்டனர். அவுரி வயலில் உழைத்த ஏழைகளுக்கோ அது பிடிபடவில்லை. நூலில் உள்ள மொழி வேறு, உழவன் நாவில் உள்ள மொழி வேறு என்பதை அவர் அங்கே உணர்ந்தார். போதிக்க வந்தவர் செவிசாய்க்கக் கற்றுக்கொண்டார். 1801இல் வெளிவந்த ‘கதோபகதன்’ என்னும் உரையாடல் நூலில் அதன் பயனைக் காணலாம். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும், கூலியாளும், மீனவரும், சண்டையிடும் பெண்டிரும் தத்தம் பேச்சிலேயே பேசுகின்றனர். அந்நூலில் வங்கப் பண்டிதரின் கை எவ்வளவு, கேரியின் கை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அத்தகைய பேச்சு அச்சேறத் தக்கது என்று துணிந்ததே அந்நாளில் பெரிது.

கம்பெனி தன் எல்லைக்குள் சமயத் தொண்டர்களை விரும்பவில்லை. ஆகவே 1800 ஜனவரியில் கேரி டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அச்சுத் தொழிலறிந்த வார்டும், ஆசிரியரான மார்ஷ்மனும் துணையாயினர்; வங்க எழுத்துகளை வார்க்கும் கலையில் தேர்ந்த பஞ்சானன் கர்மகாரும் வந்து சேர்ந்தார். ஏழாண்டு உழைத்தும் ஒருவரும் கேரியின் சமயத்தைத் தழுவவில்லை. அவ்வாண்டின் இறுதியில்தான், தோள் மூட்டு பிசகித் தாமஸிடம் மருத்துவம் பெற்ற கிருஷ்ணபால் என்னும் தச்சர் முன்வந்தார்.

1800 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரையில் டேனிஷ் ஆளுநரும் ஐரோப்பியரும் ஊர் மக்களும் கூடியிருந்தனர். கேரி முதலில் தம் மகன் பெலிக்ஸுக்கும் அடுத்துக் கிருஷ்ணபாலுக்கும் ஹூக்ளி நீரில் திருமுழுக்குக் கொடுத்தார். ஆளுநர் கண்ணீர் விட்டார் என்பர். அதே வேளையில், காத்திருந்த நாள் வந்த களிப்பில் அறிவு கலங்கிவிட்ட தாமஸ் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். மற்றோர் அறையில் டோரதி அம்மையார். கரையில் பாடிய பாடலோடு அவ்விருவரின் கூச்சலும் கலந்தது. மகன் நீரில் இறங்கியதைத் தாய் காணவில்லை. கேரியின் வெற்றியைச் சொல்லும் நூல்கள் பலவும் இந்நாளின் முதற்பாதியை விரித்தும் மறுபாதியைச் சுருக்கியும் செல்கின்றன.

பின்வந்த ஆண்டுகளின் வரலாறு பலரும் அறிந்ததே. 1801இல் வங்கமொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவ்வாண்டே கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியரானார். ஊதியத்தில் பெரும்பகுதியைப் பொதுப் பணத்தில் சேர்த்துத் தாம் எளிமையாய் வாழ்ந்தார். காசிராம் தாசரின் மகாபாரதமும் கிருத்திவாசரின் இராமாயணமும் செராம்பூரில் அச்சேறின. மராத்தி, பஞ்சாபி, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளுக்கு இலக்கணம் எழுதினார். தமிழுக்கு எழுதவில்லை, அப்பணி தரங்கம்பாடியில் முன்னரே நடந்துவிட்டது.

டோரதி அம்மையார் 1807 டிசம்பர் 8ஆம் நாள் காலமானார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு நோய்க்குப் பின்னரே அவருக்கு அமைதி கிட்டிற்று. அடுத்த ஆண்டே கேரி, சார்லட் ரூமோர் என்னும் டேனிஷ் நாட்டுக் கல்விமாதை மணந்தார். அவ்விரைவு நண்பர்களுக்கே நெருடலாயிற்று. ஆயினும் அவருக்கு முதன்முதலாக அமைதியான இல்லம் வாய்த்தது அப்போதுதான். 1812 மார்ச் 11ஆம் நாள் மாலை அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. பன்மொழி அகராதிக் கையெழுத்துப்படியும், இலக்கணப் படிகளும், காகிதக் குவியலும், பல மொழி எழுத்து வார்ப்புகளும் அழிந்தன. அச்சுப்பொறிகளும், எழுத்து வார்ப்பதற்கான எஃகு முளைகளும் தப்பின. கல்கத்தாவிலிருந்து திரும்பிய கேரி சாம்பலைக் கண்டு கலங்கினார். ஆனால் சில திங்களில் உருகிய ஈயத்தையே மீண்டும் வார்த்துப் பணி தொடங்கிற்று. தீயைக் கண்டு அவர் ஒடியாமைக்கு முன்னைய ஆண்டுகளின் துயரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மகனைப் புதைக்க ஆள் தேடியவருக்குக் காகிதம் எரிவது தாங்கத்தக்க இழப்பே.

ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். கணவன் சிதையில் பெண்ணொருத்தி எரிக்கப்படுவதைக் கேரி 1799இல் கண்ணாரக் கண்டார்; அங்கிருந்தோரிடம் வாதாடியும் தடுக்க இயலவில்லை. அன்று முதல் அவ்வழக்கத்தை ஒழிக்கப் பல்லாண்டு முயன்றார். சதி வழக்கத்தைத் தடை செய்யும் ஆணை 1829 டிசம்பர் 4ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது. அதனை வங்கமொழியில் பெயர்க்கும் பொறுப்பு, இரு நாள் கழித்து, ஞாயிறாகிய 6ஆம் நாள் அவரிடம் வந்தது. ஞாயிறன்று உலகியல் வேலை எதிலும் கைவைக்காதவர், அன்று ஆலயப் பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தார். ஒரு நாள் தாழ்ந்தால் எத்தனைப் பெண்கள் எரிவரோ என்று பண்டிதருடன் அமர்ந்து மாலைக்குள் பணியை முடித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. டோரதி அம்மையார் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன.