எம்.எஸ்.டபிள்யூ சேரப்போறீங்களா? சிலபஸுக்கு முன்னாடி ஃபீல்டு ஒர்க்கைப் பாருங்க!

"சேவை பண்றதுக்கு எதுக்குடா டிகிரி? மனசு இருந்தா பத்தாதா?"

எம்.எஸ்.டபிள்யூ படிக்கப்போறேன் என்று வீட்டில் சொன்னவர்களில், இந்தக் கேள்வியிடமிருந்து தப்பித்தவர்கள் குறைவு. இது முடிந்ததும் பெரியப்பா ஆரம்பிப்பார். "சரி, முடிச்சா என்ன வேலை? கவர்ன்மென்ட்டா?" கிண்டலாகக் கேட்டாலும் இரண்டுமே சரியான கேள்விகள். அட்மிஷன் ஃபார்மை நிரப்புவதற்கு முன் உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. மாஸ்டர் ஆஃப் சோஷியல் ஒர்க், தமிழில் சமூகப்பணி முதுகலை. 2 வருடம், 4 செமஸ்டர். பி.எஸ்.டபிள்யூ படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. பி.காம், பி.எஸ்சி இயற்பியல், தமிழ் இலக்கியம் என எந்த டிகிரி முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். புதுசாக முளைத்த கோர்ஸும் இல்லை. 1936-லேயே மும்பையில் சர் தோரப்ஜி டாடா பெயரில் சமூகப்பணிக்கான முதுகலைப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய 'டிஸ்' அதுதான். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் உருவானது மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். எழும்பூரில் இன்றும் இருக்கிறது.

மனசு மட்டும் போதுமா?

ஒரு கற்பனைக் காட்சி. அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு. கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்திருக்கிறார். 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியவர், 2 மாதத்தில் நிறுத்திவிட்டார். இருமல் திரும்ப வந்துவிட்டது. டாக்டருக்குப் பின்னால் நீண்ட க்யூ. "ஏன்யா நிறுத்தினே?" என்று கேட்கத்தான் அவருக்கு நேரமிருக்கிறது, பதிலைக் கேட்க நேரமில்லை. நல்ல மனசு உள்ள ஒருவர் அங்கே இருந்தால், பாவப்பட்டு ஒரு 500 ரூபாயைக் கையில் திணித்து அனுப்புவார். அடுத்த மாதம் அதே ஆள், அதே இருமல்.

படித்த சமூகப்பணியாளர் என்ன செய்வார்? உட்கார்ந்து பேசுவார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, குமட்டினால் மூட்டை தூக்க முடியவில்லை, தூக்காத நாளுக்குக் கூலி இல்லை என்பது மெள்ள வெளியே வரும். காசநோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், நவம்பர் 2024 முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறது. இவருடைய கணக்கு விவரம் பதிவாகவே இல்லை, அதனால் ஒரு பைசா வரவில்லை. ரூமில் கூட இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்தால் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் வேறு.

ஆக, இவருக்குத் தேவை மாத்திரையும் அட்வைஸும் மட்டும் கிடையாது. கணக்கு விவரத்தைச் சேர்க்க வேண்டும், குமட்டல் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். ரூம்மேட்களிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவெடுக்க உதவ வேண்டும். கூட இருப்பவர்களுக்குத் தொற்று வராமல் பார்ப்பதும் இதற்குள் அடக்கம். அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது. இதற்குப் பெயர் 'கேஸ் ஒர்க்'. ஒரு மனிதரின் பிரச்னையை அவருடைய குடும்பம், வருமானம், சூழல் எல்லாவற்றோடும் சேர்த்து முறையாக ஆராய வேண்டும் என்று அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917-லேயே 'சோஷியல் டயக்னோசிஸ்' என்று தடிமனாக ஒரு புத்தகம் எழுதிவிட்டார். இதோடு குழுக்களோடு வேலை செய்வது, ஒரு பகுதி மக்களைத் திரட்டுவது, ஆய்வு, நிர்வாகம் என்று மற்ற முறைகளும் பாடத்தில் வரும். அந்தத் தியரியை யூட்யூபிலும் படித்துக்கொள்ளலாம். கீழே வருவதைப் படிக்க முடியாது.

வாரத்தில் 2 நாள் ரோட்டில்

எம்.எஸ்.டபிள்யூவின் உயிர் ஃபீல்டு ஒர்க். பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு 2 நாள் வகுப்பு கிடையாது. மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், குடிநோய் மறுவாழ்வு மையம், தொழிற்சாலை, என்.ஜி.ஓ என்று எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள். முதல் செமஸ்டரில் சுற்றிப்பார்க்கிற விசிட்கள், அப்புறம் ஒரே இடத்தில் தொடர்ச்சியான வேலை, நடுவில் சுமார் ஒரு வாரம் கிராம முகாம், கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் முழுநேரப் பயிற்சி. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், வடிவம் இதுதான்.

போய்விட்டு வந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டும். யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், அவர் அழுதபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வரை. வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் அதை எதிரில் வைத்துக்கொண்டு உங்களைக் கேள்வி கேட்பார். பலருக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். எனக்குத் தெரிந்து ஆளை மாற்றுவதும் இதுதான்.

என்னோடு யு.ஜி படித்த தோழி ஒருத்தி எம்.எஸ்.டபிள்யூ சேர்ந்தாள். முதல் வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் ஃபீல்டு ஒர்க். அங்கிருந்த ஒரு பாட்டிக்கு இவள்மேல் அவ்வளவு பிரியம். "நம்பர் குடு கண்ணு" என்று கேட்க, கொடுத்துவிட்டாள். தினமும் ராத்திரி 9 மணிக்கு போன் வரும். பேத்திகிட்ட பேசுற மாதிரி பேசுவார். ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. செமஸ்டர் வந்ததும் இவளால் எடுக்க முடியவில்லை. பாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இவள் ஹாஸ்டலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் திட்டவில்லையாம். "அந்த நம்பர் யாருக்குத் தேவைப்பட்டுச்சு, பாட்டிக்கா, உனக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இவளுடைய பாட்டி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் பிறகு இல்லத்தின் வார்டனோடு பேசி, பக்கத்து அறைப் பெண்மணியோடு பாட்டியை மாலையில் உட்கார வைத்து, போனை வாரம் ஒன்றாகக் குறைத்து, படிப்படியாக விலகியிருக்கிறாள். அமெரிக்கப் பாதிரியார் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-ல் எழுதிய கேஸ் ஒர்க் புத்தகத்தில் 7 கோட்பாடுகள் உண்டு. அதில் ஒன்று, கட்டுப்பாட்டோடு கூடிய உணர்வு ஈடுபாடு. பரீட்சையில் அதற்கு மார்க் வாங்குவது சுலபம்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு கல்லூரியின் தரத்தைப் பார்க்க கட்டடத்தையோ ப்ரோஷரையோ பார்க்காதீர்கள். நேரில் போய் இரண்டாம் வருட மாணவர்களைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்? வாரா வாரம் உட்கார்ந்து பேசுகிறாரா, இல்லை கையெழுத்து மட்டும்தானா? ஃபீல்டு ஒர்க் இடத்தில் வேலை கற்றுத் தருகிறார்களா, ஜெராக்ஸ் எடுக்க விடுகிறார்களா? பஸ் செலவும் கேம்ப் செலவும் யார் தருகிறார்கள்? பெரும்பாலும் நீங்கள்தான், ஃபீஸோடு அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரியப்பாவின் கேள்வி

இதில் மழுப்பக் கூடாது. இரண்டாம் வருடத்தில் ஸ்பெஷலைசேஷன் எடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் மனிதவள மேலாண்மை, மருத்துவ - மனநலம், சமுதாய மேம்பாடு, குடும்பம் - குழந்தைகள் என்று இருக்கும். சில கல்லூரிகளில் சேரும்போதே தேர்வு செய்யச் சொல்வார்கள். உங்கள் முதல் சம்பளம் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

ஹெச்.ஆர் பக்கம் கூட்டம் அலைமோதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நலவாழ்வு அலுவலர் வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆக இறக்கியது. இந்தப் பணிக்கு வருகிற எம்.எஸ்.டபிள்யூ ஆட்கள் நிறைய. உங்கள் கல்லூரியின் கோர்ஸ் அதற்கு அங்கீகரிக்கப்பட்டதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். 2013-ன் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சொன்ன பிறகு சி.எஸ்.ஆர் வேலைகளும் வந்தன.

இன்னொரு பக்கம்? மத்திய அரசின் 2022 மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்படி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய். ஒப்பந்தப் பணி. அதற்கு இளங்கலையே போதும் என்பதால் முதுகலைக்கென்று கூடுதல் மதிப்பும் இல்லை. அதே அலகில் பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். பெற்றோர் அடிக்கிற குழந்தையை வீட்டில் விடுவதா, வெளியே எடுப்பதா என்று விசாரித்து அறிக்கை தருகிறவருக்கு நாம் கொடுக்கும் சம்பளம் இது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கும் வரலாம். ஆனால், தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

மனநலப் பக்கம் போக விரும்பினால், எம்.எஸ்.டபிள்யூ பாதி வழிதான். மனநல மருத்துவச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முதுகலையோடு 2 வருட முழுநேர எம்.ஃபில் வேண்டும் என்கிறது 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர் போனது. 2022-ல் எம்.ஃபில் படிப்புகளையே நிறுத்திய யு.ஜி.சி, இதற்குக் கால நீட்டிப்பு கொடுத்துவந்தது. அதனால், நீங்கள் சேரும் வருடத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்கும் சமூகப்பணி முதுகலைக்கு விதிகளிலேயே முன்னுரிமை உண்டு. நிறைய பேருக்குத் தெரியாத கதவு இது.

வெளிநாடு ஐடியா இருக்கா? அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூவுக்கு 900 மணி நேரம் ஃபீல்டு ஒர்க் கட்டாயம், ஆஸ்திரேலியாவில் அளவுகோல் 1,000 மணி நேரம். இங்கே நீங்கள் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேதியோடு, சூப்பர்வைசர் கையெழுத்தோடு லாக் வைத்துக்கொள்ளுங்கள். 5 வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

எப்படிச் சேருவது?

டிஸ் போன்ற இடங்களுக்கு சி.யு.இ.டி - பி.ஜி எழுத வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக மார்ச்சில் நடக்கிறது, அதற்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதே தேர்வுதான். சென்னை லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி கலை அறிவியல் போன்ற கல்லூரிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ இருக்கிறது. குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 4 வருடம். அங்கேயும் ஃபீல்டு ஒர்க் உண்டு, சனி ஞாயிறை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

பல இடங்களில் இன்டர்வியூ இருக்கும். "ஏன் எம்.எஸ்.டபிள்யூ?" என்பார்கள். "சேவை செய்யணும் சார்" என்று உங்களுக்கு முன்னால் போனவரும் சொல்லியிருப்பார், பின்னால் வருபவரும் சொல்லப்போகிறார். உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திருப்பி அனுப்பப்பட்ட தாத்தா, பத்தாவதோடு ஸ்கூலை விட்டு பனியன் கம்பெனிக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அடுத்த கேள்வி வரும். தெரியாவிட்டால் "அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் இன்டர்வியூவுக்கு இன்னும் நாள் இருந்தால், அந்தத் தாத்தாவிடம் போய் ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள்.