சித்திரை வெயிலும் கிணற்றடித் தோட்டமும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாளை அண்டியே யாழ்ப்பாணக் குடாநாட்டின் உச்சிக்கு நேரே சூரியன் வந்து நிற்கின்றது. ஏப்ரல் மாத நடுப்பகுதியில், நண்பகல் வேளையிலே முற்றத்தில் ஒரு கோலை நாட்டினால், அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்த மாரி ஓய்ந்து மூன்று நான்கு மாதங்கள் சென்றிருக்கும். குளங்கள் அடி தெரியக் கிடக்கும். ஆறு என்பது இந்நிலத்திற்கு வாய்க்கவில்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்ற ஒன்று உண்டெனினும், அதுவும் மாரியிலே மட்டும் ஓடுவது. இவ்வளவு வறட்சியிலும் வீட்டு வளவுகளில், கிணற்றை அண்டிய சிறு நிலத்திலே, ஒரு பச்சை மாறாமல் நிற்பதைக் காணலாம். நாலு கத்தரி, ஆறு வெண்டி, ஒரு பந்தல் புடல், ஒரு பாத்தி கீரை. கோடையின் வாயிலில் நிற்கும் இச்சிறு தோட்டத்தின் வரலாற்றையே இங்கு பேச எடுத்துக்கொண்டேன்.

வரலாற்று நூல்களில் இதற்கு இடம் அரிது. காரணம் வெளிப்படையானது. நாட்டை ஆண்டவர்கள் நெல்லை எண்ணினார்கள், பனையை எண்ணினார்கள், திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய புகையிலையை மிகக் கவனமாக எண்ணினார்கள். கிணற்றடியில் நின்ற கத்தரியை எண்ணியவர் எவருமில்லை. அது சந்தைக்குச் செல்லாமல் அடுப்புக்குச் சென்றது. அதை நட்டவரும் நீர் வார்த்தவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்கள் கணக்கேடு எழுதிவைக்கவில்லை. ஆயினும் 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலே காணி, தோட்டம், மரங்கள் ஆகியவற்றின் உடைமை பற்றிய விதிகளுக்குத் தனிப் பகுதியொன்று உண்டு. பிற்காலக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள், கிணற்றிலே பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் நிலத்தோடு சேர்த்தே எழுதப்பட்டிருப்பதைக் காண்பார்கள். மண் உண்டு, நீர்ப்பங்கு இல்லை என்றால் அம்மண்ணால் கோடையிலே பயனில்லை என்பதை உறுதி எழுதுவித்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அந்நீரின் இயல்பை இங்கு சிறிது விளக்குவது தகும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகள் ஊடாக இறங்கிக் கல்லின் உள்ளே தங்குகின்றது. ஆனால் மூன்று புறமும் கடல். கல்லின் அடியிலும் கடல்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் எடையிற் குறைந்தது; ஆதலால் உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கண்ட கணக்கு. இக்கணக்கு மறுபுறமும் செல்லும். மேலே ஓரடி குறைந்தால், நாளடைவிலே கீழிருந்து உவர் 40 அடி மேலேறும். புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. மேலே நன்னீர், ஆழத்திலே உப்புநீர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலில் இக்கிணற்றைப் பற்றி வியந்து எழுதியிருக்கின்றார்.

சித்திரையிலே கிணற்றில் நிற்பது சென்ற மாரியின் மிச்சமே. இனி ஐப்பசி வரும்வரை அதுதான் முதல். இடையிலே சித்திரை மாதத்துச் சிறுமழை சில நாட்கள் பெய்யலாம். அதை நம்பி எவரும் விதைப்பதில்லை.

இம்முதலைச் செலவழிப்பதிலே துலா ஒரு கட்டுப்பாட்டை விதித்திருந்தது. ஆடுகாலின் மேலே நெடிய துலாவை ஏற்றி, அதன் நுனியிலே துலாக்கொடியைக் கட்டி, பனையோலைப் பட்டையைத் தொங்கவிட்டு நீர் அள்ளினார்கள். தோட்டக்காணிகளிலே ஒருவர் துலாவின் மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கிணற்று மிதியிலே நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இன்னுமொருவர் வாய்க்காலைத் திருப்பிப் பாத்திகட்கு நீர் கட்டினார். வீட்டுக் கிணறுகளிலே இவ்வளவு ஆள் இல்லை. அடியிலே பாரக்கல் கட்டிய சிறு துலாவை ஒருவரே இயக்கினார். எவ்வாறாயினும், அள்ளும் நீர் ஒவ்வொரு பட்டையும் உடம்பின் உழைப்பால் அளக்கப்பட்டது. உடல் களைத்தபோது இறைப்பு நின்றது. இரவெல்லாம் ஊற்று ஊறிக் கிணறு தன் மட்டத்தை மீண்டும் அடைந்தது. களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது எனலாம்.

இனித் தோட்டத்தையே பார்ப்போம். கோடை தொடங்கும்போது அங்கே எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. மாரி ஈரத்தை நம்பி வளர்ந்தவை தம் காலத்தை முடித்துக்கொள்கின்றன. அவரைக்கொடி காய்ந்து பந்தலிலே சருகாகத் தொங்கும். பூசணிக் கொடி வாடினாலும், அதன் காய்கள் பறிக்கப்பட்டு அடுக்களை மூலையிலே மாதக்கணக்காக இருக்கும். தக்காளிக்கு இரவின் வெப்பம் ஒவ்வாமையால் பூக்கள் உதிரும். கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும் நீர் கிடைக்குமாயின் வெயிலைப் பொருட்படுத்தா. காலையும் மாலையும் வார்க்கும் நீர் ஒரு நாள் தவறினாலும் வெண்டி முற்றி நாராகிவிடும். அது தோட்டக்காரரின் சோம்பலை உடனே காட்டிக்கொடுக்கும் செடி. முருங்கையோ இவை யாவற்றினின்றும் வேறுபட்டது. ஆழ வேர்விட்ட அம்மரம் நீர் வார்ப்பாரின்றியே பங்குனி, சித்திரையிலே காய்த்துத் தொங்கும். அயலாருக்குக் கொடுத்தும் மிஞ்சும் கறி அது ஒன்றே.

குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வீணாவதில்லை. கிணற்றடியிலிருந்து ஓடும் வாய்க்காலின் முதலிலே வாழை. அதை அடுத்துச் சேம்பு. ஈரம் கசியும் ஓரத்திலே வல்லாரையும் பொன்னாங்காணியும். எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீர் ஓடும் வழியே தீர்மானித்தது. மண்ணுக்கு எருவும் வளவுக்குள்ளேயே கிடைத்தது. வேலிக் கதியாலாக நின்ற பூவரசின் குழையையும் கிளுவைக் குழையையும் வெட்டிக் கிடங்கிலே தாழ்ப்பார்கள். வேலியைப் புதிதாக அடைக்கும்போது கழிந்த பழைய ஓலையும் மண்ணுக்கே சென்றது. அது உரமாவதற்கு முன் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மூடாக்காகவும் உதவிற்று. வைகாசியிலே சோழகம் எழுந்து வாழையிலையைக் கிழிக்கும் காலத்தில், உயர்ந்த ஓலைவேலி காற்றைத் தடுத்து உள்ளே நிற்கும் செடிகளின் ஈரத்தைக் காத்தது. மறைப்புக்காக மட்டுமே வேலி அடைத்தார்கள் என்று கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

வெயில் பகை மட்டும் அன்று. மாரிச் செடிகளின் கடைசிக் காய்கள் பாகல் வற்றலாகவும் கத்தரி வற்றலாகவும் மோர்மிளகாயாகவும் பாயிலே காய்வது இப்பருவத்திலேதான். வேம்பு பூக்கும் காலமும் இதுவே. வேப்பம்பூ வடகம் யாழ்ப்பாணத்தாரின் கோடைச் செல்வங்களுள் ஒன்று.

இத்தோட்டம் தொன்றுதொட்டு மாறாமல் வந்தது என்று எண்ணுவது பிழை. மிளகாய், தக்காளி, பப்பாளி, மரவள்ளி யாவும் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றியவை. போர்த்துக்கேயர் கீழைத்தேயங்களுக்கு வந்த பின்னரே மிளகாய் நம் அடுக்களையை அடைந்தது; அதற்கு முன் உறைப்புக்குப் பெரிதும் மிளகே உதவிற்று. மரவள்ளி அதனினும் பிந்தியது. ஒல்லாந்தர் ஆட்சியின் கடைக்காலத்திலே, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலங்கைக்கு வந்தது. வந்தவற்றை எல்லாம் கிணற்றடித் தோட்டம் ஏற்றுக்கொண்டது. அது ஏற்றுக்கொள்ளாத ஒன்று உண்டு. பருவத்தை மீறிய அவசரம்.

1942 ஆம் ஆண்டு இதை நன்கு உணர்த்திற்று. அவ்வாண்டு பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மார்ச்சிலே இறங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பின் மீதும், 9 இல் திருகோணமலையின் மீதும் குண்டுகள் விழுந்தன. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது; அதிலும் மிகுதி பர்மாவிலிருந்து வந்தது. அவ்வழி அடைபட்டதும் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மாவு பலருடைய வீட்டிலும் நிலையான உணவாயிற்று. விவசாய அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்கா காலத்து உணவு உற்பத்தி முயற்சிகள் வீட்டு வளவுகளையும் நோக்கின. வெறுநிலம் எங்கும் மரவள்ளியும் வற்றாளையும் நடுக என்பது அன்றைய வேண்டுகோள்.

வேண்டுகோள் நியாயமானதே, ஆனால் அது பிறந்த வேளை கோடையின் தொடக்கம். கொழும்பிலும் மேற்குக் கரையிலும் வைகாசி பிறந்ததும் தென்மேல் பருவமழை இறங்கும். அங்கே நட்ட தடி தானே துளிர்க்கும். வடக்கிலும் கிழக்கிலும் அதே காற்று ஈரமின்றி வறண்டு வீசும். இங்கே மரவள்ளித் தடியை நட்டால், வேர் பிடிக்கும்வரை கிணற்று நீரே துணை. அதன் பின்னும் கிழங்கு பறிக்க எட்டு, பத்து மாதங்கள் செல்லும். ஆகவே 1942 கோடையின் பசிக்கு அக்கோடையிலே நட்ட தோட்டம் சோறு போட்டிருக்க இயலாது. முன்னைய மாரியிலே நட்டவர்கள் பறித்தார்கள். மற்றவர்களுக்கு மூன்று நான்கு வாரத்திலே எழும் கீரையே கைகொடுத்தது. கிணற்றடித் தோட்டம் என்றுமே அரிசிக்கு மாற்றாக இருந்ததில்லை என்பது என் கருத்து. அது தருவது கறி. வெறுஞ்சோற்றுக்கும் கறியோடு உண்ணும் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைகளின் உடலிலே தெரியும். அவ்வளவில் அதன் பெறுமதி சிறிதன்று.

போருக்குப் பின்னர், 1950 களிலும் 1960 களிலும், மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. துலா ஒரு நாளில் இறைத்ததை அது சிறுபொழுதிலே இறைத்தது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் செழித்தனர். வீட்டு வளவுகளின் ஓரங்களிலும் வெங்காயம் ஏறிற்று. அச்செழிப்பைக் குறைகூற மாட்டேன். பல பிள்ளைகள் அதனாலே படித்தார்கள். ஆனால் களைப்பு என்ற காவல் நீங்கிவிட்டது. கரையோரக் கிணறுகள் சில உவர்ந்தன. இரசாயன உரத்தின் எச்சம் சுண்ணாம்புக்கல்லினூடே விரைவாக இறங்கிற்று. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிக்கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்துக்கு வார்க்கும் நீரும் குழந்தை குடிக்கும் நீரும் ஒரே கிணற்றிலிருந்து வருகின்றன என்பதை இங்கே மறக்கலாகாது.

1990 இல் போர் மீண்டும் மூண்டதும், குடாநாட்டிற்கு எரிபொருளும் உரமும் வருவது தடைப்பட்டது. இயந்திரங்கள் ஓய்ந்தன, துலாவும் கைவாளியும் மீண்டும் வேலைக்கு வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தார்கள். அது மாரி தொடங்கும் காலம்; கன்றுகள் நாற்றுமேடையிலே நிற்கும் காலம். அவர்களிற் பலர் திரும்பியது 1996 ஏப்ரலிலும் அதனை அடுத்தும், அதாவது கோடையின் வாயிலில். ஒரு மாரி முழுவதும் கை படாத வளவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் புழங்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்னரே அங்கு அடுப்பு மூட்டலாம். கத்தரி நடுவது அதற்கும் பின்.

அண்மைக் காலத்திலும் கதை தொடர்ந்தது. 2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. இடையிலே விளைச்சல் வீழ்ந்தது. குழையையும் எருவையும் நம்பி நின்ற சிறு வளவுகளை அத்தடை அதிகம் தாக்கவில்லை. பெருந்தோட்டக்காரரையும் வயற்காரரையுமே அது வாட்டிற்று. மண்ணைக் குழையால் வளமாக்கப் பல மாரிகள் வேண்டும் என்பதை வீட்டுத் தோட்டக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அடுத்த ஆண்டு நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தது. 2022 ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளிலே விடுமுறை வழங்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் கேட்டுக்கொண்டது. எரிபொருட் பஞ்சமும் அவ்விடுமுறைக்கு ஒரு காரணம். கொழும்பிலே அப்பொழுது மழை. வடக்கிலே சோழகம் புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்தது. இயந்திரம் இறைக்க மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தபோதும், ஓகஸ்டிலே அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. துலாவோ பெரும்பாலான வளவுகளில் இல்லை. ஆடுகால் நின்ற இடத்திலே மின்கம்பமும் நீர்த்தாங்கியும் நின்றன. மூன்று மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அவ்விடுமுறையின் காலம், வடக்கிலே முதல் மாரி மழை விழுவதற்கு முன்னரே கழிந்துவிட்டது.