வழி அறிவிப்பு விடுபடல்
ரவுட்டர் மாற்றியபின், பி.ஜி.பி. நெறிமுறை வழியே அண்டை வலையமைப்புகளுக்குச் சொல்லவேண்டிய முகவரித் தொகுதிகள் போய்ச் சேராத கோளாறு. பெங்களூரில் உள்ள நிக்சி போன்ற இணைய இணைப்பு மையத்தில் இது ஏமாற்றும் வகையில் தெரியும்: இணைப்பு 'எஸ்டாப்ளிஷ்டு' என்றே காட்டும், உள்வரும் போக்குவரத்து மட்டும் வேறு பாதைக்குப் போய்விடும்.

2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212, கொள்கை எழுதப்படாத வெளி இணைப்பில் எந்த வழியையும் ஏற்கவோ அறிவிக்கவோ கூடாது என்கிறது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். அப்படியே நடக்கும், பழைய ஐ.ஓ.எஸ். தாராளமாக அறிவிக்கும். உள்ளமைவை வரிக்கு வரி நகலெடுத்தவர் மாட்டுவது இங்கேதான். அடுத்து, வழியை அறிவிக்கும் 'நெட்வொர்க்' கட்டளையின் முகவரியும் முகமூடி நீளமும் வழி அட்டவணையில் அச்சு அசலாக இருக்கவேண்டும். அதற்காகப் பழைய ரவுட்டரில் யாரோ போட்டுவைத்த 'நல்' (null) வழி விடுபட்டாலும் அறிவிப்பு போகாது. முதலில் அண்டைக்கு அனுப்பிய வழிகளின் பட்டியலைப் பார்க்கவேண்டும். அதில் இருந்தும் எதிர்முனையில் இல்லையென்றால், அங்குள்ள வடிகட்டியைத்தான் விசாரிக்கவேண்டும்.