கதிர்: ஒரு சொல்லின் சரித்திரம்

கே.கே. நகரில் ஒரு பரிசோதனைக் கூடம். வாசல் பலகையில் ‘ஊடுகதிர்’ என்று எழுதியிருந்தது. மார்புப் படம் எடுக்க என்னுடன் வந்த பெரியம்மா, ஆயுளின் பெரும்பகுதியைத் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் கழித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “இங்க எந்தக் கதிரைடா அறுக்கிறாங்க?” சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு என்று பிறகு பட்டது. அந்தச் சொல் என்னிடம் வந்ததே அவளைப் போன்றவர்களிடமிருந்துதான்.

‘எக்ஸ்ரே’யில் உள்ள ரே, பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘ராடியுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ராடியுஸ் என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால், நெசவாளியின் நாடா, ஒளிக்கிரணமும். ரேடியமும் ரேடியோவும் அதன் வாரிசுகள். 1924இல் அமெரிக்காவில் செயற்கைப் பட்டுக்கு ‘ரேயான்’ என்று பெயர் வைத்தபோது ஒளி மறுபடி நூலுக்குத் திரும்பியது. திருக்கை மீனைக் குறிக்கும் ரே வேறொரு லத்தீன் சொல். சத்யஜித் ரேயின் ரேயோ வங்காளத்து ‘ராய்’. ராஜா என்பதன் திரிபு. ஒலி ஒன்று, உறவு இல்லை.

சமஸ்கிருதம் வேறு கண்ணால் பார்த்தது. ரச்மி என்றால் கிரணம், கடிவாளக் கயிறும்கூட. கரம் என்றால் கிரணம், கையும்கூட, வரியும்கூட. சூரியன் தேரோட்டுகிறான், கை நீட்டுகிறான், வசூலிக்கிறான். தமிழில் கதிர் என்பது ஒளி, நெற்கதிர், ராட்டையில் நூல் சுற்றும் கதிர். நூற்புக் கதிருக்குத் தெலுங்கில் கதுரு, கன்னடத்தில் கதிரு. நாடாவும் கதிரும் நூலருகே சந்திக்கின்றன. ஆனால் அறுத்து, அடித்து, உண்ணக்கூடிய ஒன்றின் பெயரை ஒளிக்கும் வைத்திருப்பது தமிழின் பார்வை.

1895இல் ராண்ட்கன் தான் கண்ட கிரணத்துக்கு, இன்னதென்று தெரியாததால், எக்ஸ் என்று பெயரிட்டார். தமிழ்ச் சொல்லாக்கம் அந்தத் தெரியாமையை விட்டுவிட்டு, ஊடுருவும் செயலைப் பெயராக்கியது. அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் தேடி 1916இல் சேலத்தில் சங்கம் தொடங்கியவர்களில் ராஜாஜி ஒருவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்து ராட்டையை முன்வைத்தவரும் அவரே. விஞ்ஞானச் சொல்லும் நூற்கும் கதிரும் ஒரே மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலம் அது.

அந்த அண்மை போய்விட்டது. 1983இல் கல்பாக்கத்தில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. 2011இல் கூடங்குளத்துக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் திரண்டபோது ‘கதிர்வீச்சு’ மீனவர் வாயிலும் புழங்கிற்று. பசியாற்றிய சொல் இப்போது பயத்தின் சொல். நகரத்துக் கவிதையிலோ கதிர் என்றால் சூரியன் மட்டும். அதுவும் பழக்கத்தினால் வருகிற சூரியன். அர்த்தம் ஒவ்வொன்றாக உதிர்ந்தபின் எஞ்சுவதைக் கலைச்சொல் என்கிறோம். கவிஞனுக்கு அது போதாது.

படம் வந்தது. பெரியம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விலா எலும்புகளை விரலால் எண்ணினாள். “வரப்பு வரப்பா இருக்கு” என்றாள்.